லாச்சியும் கைத்தொலைபேசியும்: வெள்ளவத்தைப் பலசரக்குக் கடையொன்றில் தொடுகையற்ற கொடுப்பனவு பற்றிய நிகழ்வு ஆய்வு

கொழும்பில் காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் வெள்ளவத்தை ஒழுங்கைகளுள் ஒன்றில் ஒரு பலசரக்குக் கடை இருக்கிறது. அதன் கணக்குப் புத்தகங்களைப் பன்னிரண்டு ஆண்டுகளாக எழுதி வருபவன் நான். உரிமையாளர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே வேரூன்றியவர். அவரை நான் அண்ணை என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். அந்த ஒழுங்கையில் வாழ்பவர்களிடம் கைத்தொலைபேசி இல்லாதவர் அரிது. வங்கிக் கணக்கு இல்லாத வீடும் அரிது. நடந்து போகும் தூரத்துக்குள் பல வங்கிக் கிளைகள் இருக்கின்றன. அப்படியிருந்தும், தொலைபேசியை நீட்டிக் காசு கட்டுவதற்கான வசதிகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்த இந்தக் காலம் முழுவதும், கடையின் வருமானத்தில் பெரும் பங்கு மேசையின் கீழுள்ள இழுப்பறையான லாச்சிக்குள்ளேயே விழுந்தது. அது ஏன் என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

வழக்கமாகச் சொல்லப்படும் விடைகள் மூன்று. மக்களுக்குப் பழக்கமில்லை, முதியவர்கள் அஞ்சுகிறார்கள், சிறு வணிகர்கள் வரிக்குப் பயந்து ஒளிக்கிறார்கள். மூன்றிலும் சிறிதளவு உண்மை உண்டு. ஆனால் கடையின் பேரேட்டை நாள்தோறும் புரட்டிய எனக்கு இவை போதுமான விளக்கமாகத் தெரியவில்லை. வாடிக்கையாளரின் கையிலிருந்து காசு எவ்வளவு விரைவாக வெளியேறுகிறது என்பதைப் பற்றியே தொழில்நுட்பம் பேசியது. கடைக்காரர் கேட்டதோ, அந்தக் காசைக் கொண்டு தான் அடுத்தவருக்கு எப்போது கட்டலாம் என்பதை. இந்த இரண்டாவது கேள்விக்கு விடை கிடைக்கும்வரை முதலாவது கேள்விக்கான விடை கடைக்குள் நுழையவில்லை.

கடையின் ஒரு நாள்

விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கதவு திறக்கப்படும். முதலில் வருபவர் பாண்காரர். முதல்நாள் மிஞ்சியதைக் கழித்துக்கொண்டு, அன்று தந்ததற்கான காசை உடனே வாங்கிக்கொண்டுதான் போவார். அடுத்து முட்டையும் பாலும் வரும். மெனிங் சந்தை புறக்கோட்டையிலிருந்து பேலியகொடைக்கு 2020 இல் இடம்மாறிய பிறகு, அண்ணை தானே சந்தைக்குப் போவதை விட்டு, அங்கிருந்து மரக்கறி ஏற்றிவரும் சிறிய லொறிக்காரரிடம் வாங்குகிறார். அவருக்கும் கையில் காசுதான். காலை பத்து மணிக்குப் பிறகு விநியோக நிறுவனங்களின் விற்பனைப் பிரதிநிதிகளான ரெப்மார் ஒவ்வொருவராக வருவார்கள். பிஸ்கட், சவர்க்காரம், பால்மா என்று பொருளுக்கொருவர். அவர்களில் சிலர் காசோலை வாங்குவர், சிலர் காசு மட்டும் வாங்குவர். அரிசி, பருப்பு, வெங்காயம், சீனி ஆகியவை புறக்கோட்டையின் பழைய சோனகத் தெரு மொத்தக் கடைகளிலிருந்து வரும். அங்கே நெடுங்காலமாக நாள் குறித்த காசோலைதான் நாணயம். முப்பது நாள், நாற்பத்தைந்து நாள், ஆளைப் பொறுத்து அறுபது நாள். மூட்டையைச் சுமந்து ஏற்றிவிடும் நாட்டாமிக்கு மட்டும் அங்கேயும் கையில் காசு.

ஆகவே காலை எட்டு மணிக்கு ஒருவர் கொடுத்த ஐந்நூறு ரூபாத் தாள் ஒன்பது மணிக்கு முட்டைக்காரரின் பையில் இருக்கும். லாச்சி சேமிப்புப் பெட்டியன்று, காசு சற்று நேரம் தங்கிப் போகும் இடம் மட்டுமே. ஒரு கொடுப்பனவு முறை இந்த ஓட்டத்தில் ஒரு நாள் தடையை உண்டாக்கினாலும், கடைக்காரர் அந்த ஒரு நாளுக்கான காசை வேறெங்கோ தேட வேண்டும். இதை உணராமல் எழுதப்பட்ட எந்தத் திட்டமும் வெள்ளவத்தையில் வேலை செய்யாது என்பது என் உறுதியான எண்ணம்.

அட்டை இயந்திரமும் அரிசிக் கணக்கும்

முதலில் வந்தது அட்டை இயந்திரம். ஒரு வங்கியின் அலுவலர் நேரில் வந்து விளக்கி, படிவத்தில் கையொப்பம் வாங்கி, இயந்திரத்தையும் வைத்துவிட்டுப் போனார். அந்தக் கடைக்குச் சொல்லப்பட்ட கழிவு இரண்டரைச் சதவீதம். அதாவது வாடிக்கையாளர் ஆயிரம் ரூபா கட்டினால் கடைக்கு வந்து சேர்வது தொள்ளாயிரத்து எழுபத்தைந்து ரூபா, அதுவும் மறு வேலை நாளில். வெள்ளிக்கிழமை மாலை விற்றதற்குத் திங்கட்கிழமைவரை காத்திருக்க வேண்டும். இடையில் போயா விடுமுறை வந்துவிட்டால் இன்னொரு நாள்.

இரண்டரைச் சதவீதம் என்பது துணிக்கடைக்கும் நகைக்கடைக்கும் வேறு, பலசரக்குக் கடைக்கு வேறு. 2024 டிசம்பரில் அரசாங்கம் அரிசிக்கு அறிவித்த உச்ச விலைகளை எடுத்துக்கொள்வோம். நாட்டரிசி ஒரு கிலோவின் மொத்த விலை 225 ரூபா, சில்லறை விலை 230 ரூபா. இடையில் இருப்பது ஐந்து ரூபா. அந்த ஐந்து ரூபாவுக்குள் ஏற்றுக்கூலி, பை, மின்சாரம், வாடகை, வேலைக்கு நிற்கும் பெடியனின் சம்பளம் எல்லாம் அடங்க வேண்டும். 230 ரூபாவை வாடிக்கையாளர் அட்டையில் கட்டினால் இரண்டரைச் சதவீதக் கழிவு 5 ரூபா 75 சதம். அரிசியை விற்றதற்காகக் கடைக்காரர் தன் கையிலிருந்து முக்கால் ரூபா போடுகிறார். விலையைக் கூட்டவும் அவருக்கு வழியில்லை; கூட்டினால் நுகர்வோர் அதிகார சபையின் அலுவலர் வந்து வழக்குப் போடுவார். ரீலோட்டிலும் சிகரெட்டிலும் நிலைமை இதுவே. விலை வேறொருவரால் நிர்ணயிக்கப்பட்டு, கடைக்காரருக்குரியது ஒரு சிறு துண்டாக இருக்கும் எந்தப் பொருளையும் அட்டைக்கு விற்க முடியாது.

இதனால்தான் கொழும்புக் கடைகளில் அட்டையை நீட்டினால் மூன்று சதவீதம் மேலதிகமாகக் கேட்கும் வழக்கம் உண்டாயிற்று. அப்படி வாடிக்கையாளரிடம் அறவிடக் கூடாது என்று மத்திய வங்கி அறிவுறுத்தியிருக்கிறது, அறவிட்டால் அந்த இயந்திரத்தை வழங்கிய வங்கியிடம் முறையிடலாம் என்றும் சொல்லியிருக்கிறது. சட்டப்படி அது சரி. கட்டணத்தை மறைமுகமாக வாடிக்கையாளர் தலையில் சுமத்துவதை நானும் ஏற்கவில்லை. ஆனால் ஐந்து ரூபா இலாபத்தில் ஐந்தே முக்கால் ரூபா கொடுக்கச் சொல்லும் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவர் என்ன செய்வார் என்பதையும் யாராவது கேட்டிருக்க வேண்டும். அண்ணை மேலதிகமாகக் கேட்கவில்லை. மாறாக, இயந்திரத்தை மேசைக்குக் கீழே வைத்தார். கடதாசிச் சுருள் தீர்ந்தபோது புதிது வாங்கவும் இல்லை. பெரிய பில் வந்தால் மட்டும், அதுவும் தெரிந்த முகமாக இருந்தால், அதை வெளியே எடுப்பார்.

தொலைபேசியைத் தட்டுவது

தொலைபேசியை இயந்திரத்தின் அருகே கொண்டுபோய்க் கட்டும் முறை இந்தக் கடையில் எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் நெடுங்காலம் அது வரவேயில்லை. அந்தத் தொழில்நுட்பத்தில் தொலைபேசிக்குள் இருக்கும் சிறிய சில்லு 13.56 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் சில சென்றிமீற்றர் தூரத்துக்குள் மட்டும் பேசும். அட்டையின் உண்மையான இலக்கத்துக்குப் பதிலாக அதற்கு மாற்றான ஓர் இலக்கமும், அந்த ஒரு பரிவர்த்தனைக்கு மட்டும் செல்லுபடியாகும் குறியீடும் போகும். பாதுகாப்பில் இது காந்தப்பட்டியை இழுப்பதைவிடப் பல மடங்கு மேலானது. அப்பிள் பே அமெரிக்காவில் 2014 ஒக்டோபரில் தொடங்கியது, கூகுளின் பணப்பை அதற்கும் மூன்று ஆண்டுகள் முந்தியது. ஆனால் பல ஆண்டுகள் இலங்கை வங்கிகளின் அட்டைகளை அவற்றில் ஏற்ற வழியிருக்கவில்லை. போதாக்குறைக்கு அந்தச் சில்லு மலிவான தொலைபேசிகளில் பெரும்பாலும் இருப்பதில்லை. 2022 இன் முதற்பாதியில் டொலர் ஒன்றின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவை எட்டியபோது, இறக்குமதியாகும் தொலைபேசியின் விலையும் அதனோடு ஏறிற்று. சில்லுள்ள தொலைபேசியை வாங்க நினைத்தவர் பழையதையே திருத்திப் பாவித்தார்.

இந்தக் கடையில் முதன்முதலாகத் தொலைபேசியைத் தட்டிக் காசு கட்டியவர் இந்த ஊரவர் அல்லர். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து, யாழ்ப்பாணம் போகும் வழியில் வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் தங்கிய இலண்டன்காரர் ஒருவர். மேசைக்குக் கீழிருந்த இயந்திரத்தை எடுத்து வைக்கச் சொல்லித் தன் கைக்கடிகாரத்தை அதன் மேல் காட்டினார். இயந்திரம் ஒலி எழுப்பிற்று. இயந்திரத்துக்கு அந்த வல்லமை முன்பே இருந்தது, ஆனால் அது அண்ணைக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உள்ளூரில் தட்டுவது என்பது பெரும்பாலும் தொடுகையற்ற அட்டையைத் தட்டுவதாகவே இருந்தது. அதுவும் காலி வீதியின் சுப்பர்மார்க்கெட்டுகளில்தான், ஒழுங்கைக்குள் அல்ல.

ஒட்டிய தாள்கள்

இலங்கையின் வணிகர் கொடுப்பனவுக்கு மத்திய வங்கி தேர்ந்த பாதை தட்டுவது அன்று, கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்வது. அந்தத் தேர்வு சரியானது என்றே கருதுகிறேன். கடைக்குத் தேவைப்படுவது ஒரு தாள் மட்டுமே. இயந்திரமோ, சுருளோ, வாடகையோ வேண்டாம். தொலைபேசியில் படக்கருவி இருந்தால் போதும், சில்லு தேவையில்லை. முன்பு ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனிக் குறியீடு இருந்ததால் சில கடைகளின் மேசைக் கண்ணாடியில் நான்கைந்து தாள்கள் ஒட்டப்பட்டிருந்தன. 2018 இல் தேசியத் தரநிலை வகுக்கப்பட்டு, லங்கா கியூஆர் என்ற பெயரில் எந்த வங்கியின் செயலியாலும் எந்தக் கடையின் குறியீட்டையும் வாசிக்கலாம் என்றாயிற்று. வணிகரிடம் அறவிடும் கழிவுக்கு ஒரு சதவீதம் என்ற உச்ச எல்லையும் வகுக்கப்பட்டது. கொவிட் காலத்தில் காசுத் தாள்களைத் தொட அஞ்சியவர்களை மனதில் வைத்து, நாடு முழுவதும் இதைப் பரப்பும் இயக்கமும் நடந்தது.

அண்ணையும் ஒரு தாளை வாங்கி ஒட்டினார். ஒரு சதவீதம் என்றால் நாட்டரிசிக் கிலோவுக்கு 2 ரூபா 30 சதம். இலாபத்தில் கிட்டத்தட்டப் பாதி போனாலும் கையிலிருந்து போட வேண்டியதில்லை. இருந்தும் தாள் பல மாதங்கள் வெறுமனே ஒட்டியபடி இருந்தது. நான் விசாரித்தபோது அவர் தந்த காரணத்தை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்: “தம்பி, காசு வந்திட்டுது எண்டு சொல்லிற எஸ்எம்எஸ் என்ரை போனுக்கு வருது. நான் கோயிலுக்குப் போனால் போனும் என்னோடை வருது. கடையிலை நிக்கிற பெடியன் என்னத்தைப் பாத்துச் சாமானைக் குடுக்கிறது?”

இந்தக் கேள்வியை நான் பல இடங்களில் சொல்லி வருகிறேன், ஏனென்றால் இது முழு வடிவமைப்பின் குறையையும் ஒரே வாக்கியத்தில் காட்டுகிறது. காசுத் தாளைக் கொடுத்தால் வாங்குபவர் அதைப் பார்க்கிறார், தடவுகிறார், லாச்சிக்குள் போடுகிறார். அந்தக் கணத்தில் கொடுக்கல் வாங்கல் முடிந்துவிடுகிறது. கியூஆரில் கொடுத்தவரின் திரையில் பச்சைக் குறி தெரிகிறது, வாங்குபவருக்கோ எதுவும் தெரிவதில்லை. மாலை ஆறு மணிக்கு ஐந்து பேர் மேசையைச் சுற்றி நிற்கும்போது, ஒருவர் நீட்டும் திரையை நம்புவதா, குறுஞ்செய்திக்காகக் காத்திருப்பதா? கொடுத்தவர் அயலவர். அவரை நிறுத்தி வைத்தால் நம்பவில்லை என்றாகிவிடும். இந்தச் சங்கடம் எந்தக் கட்டண அட்டவணையிலும் இல்லை, ஆனால் கடையில் அது ஒரு சதவீதத்தைவிடக் கனமானது. இந்தியாவில் கடை மேசைகளில் வைக்கப்படும் சிறிய ஒலிபெருக்கி, தொகை வந்து சேர்ந்ததும் அதை உரக்கச் சொல்லும். அந்த ஒரு சாதனம் எவ்வளவு பெரிய சிக்கலைத் தீர்த்தது என்பதை இந்தக் கடையில் நின்ற பிறகுதான் விளங்கிக்கொண்டேன்.

மக்களுக்குக் கியூஆர் பழக்கமில்லை என்ற வாதத்துக்கும் இங்கேயே விடை சொல்ல வேண்டும். 2022 ஜூலையில் தேசிய எரிபொருள் அனுமதிப்பத்திரம் அறிமுகமாகியது. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர், முச்சக்கரவண்டிக்கு ஐந்து, காருக்கு இருபது என்ற பங்கீட்டை ஒரு கியூஆர் குறியீடு நடத்தியது. சில வாரங்களுக்குள் கொழும்பின் ஒவ்வொரு ஓட்டோக்காரரிடமும் அந்தக் குறியீடு இருந்தது. திரையில் வைத்திருந்தார்கள், அச்சடித்துப் பிளாஸ்டிக் உறையிட்டு வண்டியில் தொங்கவிட்டார்கள். கல்வி, மொழி, வயது எதுவும் தடையாகவில்லை. 2023 செப்டம்பரில் அந்த முறை நிறுத்தப்படும்வரை அது நடந்தது. அது எவரிடமும் கழிவு வாங்கவில்லை, பெட்ரோலும் அந்த இடத்திலேயே கிடைத்தது. பழக்கம் என்பது பயனுக்குப் பின்னால்தான் வருகிறது.

ஸ்லிப்

கடையின் புத்தகத்தில் கைத்தொலைபேசிக் காசு வேறொரு வாசல் வழியாக நுழைந்தது, அதை நான் எதிர்பார்க்கவில்லை. கடையில் கடன் கொப்பி ஒன்று இருக்கிறது. ஒழுங்கையின் பல வீடுகள் மாதம் முழுவதும் சாமான் எடுத்து மாதத் தொடக்கத்தில் கணக்குத் தீர்ப்பவை. வங்கிகளுக்கிடையே உடனடியாகக் காசை மாற்றும் செஃப்ட்ஸ் முறை 2015 இல் வந்த பிறகு, இந்த வீடுகளில் ஒவ்வொன்றாக, தங்கள் மாதக் கணக்கை வங்கிச் செயலி வழியாக அண்ணையின் கணக்குக்கு அனுப்பத் தொடங்கின. அனுப்பிய சான்றின் படத்தை வட்ஸ்அப்பில் போடுவார்கள். அதற்கு ஸ்லிப் என்று பெயர். “ஸ்லிப்பை அனுப்பி விடுங்கோ” என்பது இன்று கொழும்பில் வீட்டு வாடகை, ரியூசன் கட்டணம், நகைச்சீட்டு, திருமண மண்டப முற்பணம் என எல்லாவற்றிலும் கேட்கும் வாக்கியம். சில வீடுகளின் கொப்பிக் கணக்கைக் கனடாவிலுள்ள மகன் இங்குள்ள தன் கணக்கிலிருந்து நேரே தீர்க்கிறார். தாய்க்கு எவ்வளவு வந்தது என்றுகூடத் தெரியாது.

தொடுகையற்ற கொடுப்பனவின் ஆதரவாளர்கள் சிறிய தொகைகளும் விரைவும் முதலில் வரும், பெரிய தொகைகள் பின்னர் வரும் என்று கணித்தார்கள். இந்தக் கடையில் நடந்தது நேர்மாறு. பெரிய தொகையும் ஆறுதலான நேரமும் உள்ள இடத்தில்தான் தொலைபேசிக் காசு முதலில் நிலைத்தது. மாதத்துக்கு ஒருமுறை அனுப்பப்படும் நாற்பதாயிரம் ரூபாவுக்குக் கடையில் வரிசை நிற்பதில்லை. அண்ணை இரவில் ஆறுதலாக இருந்து சரிபார்க்கிறார். அனுப்பியவர் ஒரு சிறிய நிலையான கட்டணத்தைத் தாமே கட்டுகிறார், கடைக்கு முழுத்தொகையும் வருகிறது. கழிவு இல்லை, தாமதம் இல்லை, சங்கடம் இல்லை. மேசையில் நின்று கொடுக்கும் முந்நூறு ரூபாவுக்கு இந்த மூன்றும் இருந்தன. வேறெங்கோ திருத்திய போலி ஸ்லிப்பைக் காட்டி ஏமாற்றிய கதைகள் பரவியதும், அறியாதவரிடம் ஸ்லிப் ஏற்பதை அண்ணை நிறுத்தினார். கொப்பியில் பெயர் உள்ளவரிடம் மட்டும் ஏற்றார்.

பழைய சோனகத் தெரு மாறியபோது

திருப்பம் பொருளாதார நெருக்கடியோடு வந்தது, அதுவும் வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து அல்லாமல் மொத்த வியாபாரி பக்கத்திலிருந்து வந்தது. 2022 ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக ஏழு சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. பொருள் விலை வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டிருந்தது. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி அந்த ஆண்டு செப்டம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம். இன்று விற்ற பருப்புக்கு அறுபது நாள் கழித்துக் காசு வாங்கினால், அந்தக் காசுக்கு அதே அளவு பருப்பு கிடைக்காது என்ற நிலையில், நாள் குறித்த காசோலையை எந்த மொத்த வியாபாரி ஏற்பார்? பழைய சோனகத் தெருவில் முதலில் அறுபது நாள் முப்பதாயிற்று, பிறகு பதினைந்தாயிற்று, பிறகு “காசைப் போட்டிட்டுச் சாமானை ஏத்துங்கோ” என்றாயிற்று. இரண்டு மூன்று தலைமுறை நம்பிக்கை ஒரு பருவத்தில் சுருங்கியதைப் பார்த்தது எனக்கு வேதனையாகவே இருந்தது. அண்ணையின் தந்தையை அறிந்த முதலாளிகள்கூடக் கண்ணைப் பார்க்காமல் அதைச் சொன்னார்கள்.

ஆனால் பல இலட்சம் ரூபாவைப் பையில் வைத்துக்கொண்டு, எரிபொருள் இல்லாத நகரத்தில், மின்வெட்டின் இருட்டில் புறக்கோட்டைக்குப் போவது எளிதன்று. எனவே அந்த மொத்த வியாபாரிகளே செஃப்ட்ஸ் வழியாக உடனே காசை அனுப்பச் சொன்னார்கள். காசு கணக்கில் விழுந்தது என்று கடைக் கணக்குப்பிள்ளை தலையசைத்தால் நாட்டாமி மூட்டையைத் தூக்குவார். விநியோக நிறுவனங்களும் ஒவ்வொன்றாக அதே வழிக்கு வந்தன. ரெப்பின் கையில் காசு கொடுக்க வேண்டாம், நிறுவனக் கணக்குக்கு அனுப்பலாம் என்றாயிற்று.

இதன் விளைவைப் பேரேட்டில்தான் பார்க்க முடியும். அதுவரை வங்கிக் கணக்கில் கிடந்த காசு அண்ணைக்கு உறங்கும் காசு. அதை எடுத்துத் தாளாக்கினால்தான் பயன். இப்போது அவர் கட்ட வேண்டிய தொகையில் பெரும் பகுதி வங்கிக் கணக்கிலிருந்தே போக வேண்டும். லாச்சியில் சேர்ந்த தாள்களை நாள்தோறும் எண்ணி, கட்டி, வங்கிக்குக் கொண்டுபோய் வைப்பிலிட்ட பிறகுதான் அவை மொத்த வியாபாரிக்குப் போக முடிந்தன. தாள்தான் இப்போது தாமதம் உள்ள காசு. அப்போதுதான் அண்ணை மேசையில் நின்றவர்களிடம் தானாகவே கேட்கத் தொடங்கினார்: “ஸ்கேன் பண்ணப் போறியளோ?” எந்த விளம்பரமும் தள்ளுபடியும் செய்யாததைப் பழைய சோனகத் தெருவின் ஒரு நிபந்தனை செய்தது. பெடியனுக்கும் ஒரு தொலைபேசி வாங்கிக் கொடுத்து, அறிவித்தல் அதிலும் வரும்படி செய்தோம். தாள் ஒட்டப்பட்ட நாளிலிருந்து அந்த மாற்றம் வரை ஒன்றரை ஆண்டு கழிந்திருந்தது.

கடைக்காரரை மாற்ற வாடிக்கையாளரைத் தூண்டுவதே கொள்கையாக இருந்தது. இந்தக் கடையின் சான்று, கடைக்காரரிடம் காசு வாங்குபவரை முதலில் மாற்றச் சொல்கிறது. விநியோகத்தர் ஒருவர் மாறினால் அவரிடம் வாங்கும் நூற்றுக்கணக்கான கடைகளுக்கு அந்தக் காசு உயிர்பெறுகிறது.

சென்னையும் வரியும்

துணி எடுக்கச் சென்னைக்குப் போய்வரும் வெள்ளவத்தை வியாபாரிகள் திரும்பியதும் கேட்பது ஒன்றுதான்: அங்கே இளநீர் விற்பவர்கூடத் தொலைபேசியில் காசு வாங்குகிறார், இங்கே ஏன் முடியவில்லை? இந்தியாவின் உடனடிக் கொடுப்பனவு முறையான யுபிஐ 2016 இல் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பர் 8 இல் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்த் தாள்கள் செல்லாமற் போயின. 2020 ஜனவரி முதல் வணிகரிடம் கழிவு வாங்குவதும் நிறுத்தப்பட்டது. நம் கடைக்காரரின் ஒரு சதவீதத்தையும் அங்குள்ள பூச்சியத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் கேள்வியின் பெரும் பகுதிக்கு விடை கிடைத்துவிடும். பூச்சியத்துக்கு வேறொருவர் செலவழிக்க வேண்டியிருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் தாள் அச்சடிக்கவும், எண்ணவும், காவலோடு கொண்டு திரியவும் ஆகும் செலவையும் யாரோதான் சுமக்கிறார்கள். 2024 பெப்ரவரி 12 முதல் இந்தியப் பயணிகள் தங்கள் யுபிஐ செயலியால் லங்கா கியூஆர் குறியீட்டை வாசித்துக் கட்டலாம். ஒருநாள் சென்னையிலிருந்து வந்த விருந்தினர் ஒருவர் அண்ணையின் தாளை ஸ்கேன் செய்து தண்ணீர்ப் போத்தல் வாங்கினார். அவருக்குப் பின்னால் நின்ற ஒழுங்கைக்காரர் மூவரும் காசுத் தாளை நீட்டினார்கள்.

வரியைப் பற்றி வெளிப்படையாகவே எழுதுகிறேன், ஏனெனில் இது என் தொழில். பெறுமதி சேர் வரிக்குப் பதிய வேண்டிய ஆண்டு விற்பனை எல்லை 2022 ஒக்டோபரில் 300 மில்லியனிலிருந்து 80 மில்லியனுக்கும், 2024 ஜனவரி முதல் 60 மில்லியனுக்கும் இறங்கியது. வரி வீதம் அதே ஜனவரியில் 18 சதவீதமாயிற்று. அறுபது மில்லியன் என்றால் நாளுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சத்து அறுபத்துநாலாயிரம் ரூபா. விலைகள் ஏறிய பிறகு ஓரளவு ஓடும் பலசரக்குக் கடைக்கு இது எட்டாத தொகையன்று. ஆகவே ஸ்கேன் செய்யும் ஒவ்வொரு ரூபாவும் இறைவரித் திணைக்களத்துக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் பல கடைகளில் உண்மையாகவே இருக்கிறது. அண்ணையிடமும் இருந்தது. அவருடைய ஆண்டு விற்பனையைக் கணக்கிட்டு எழுதிக் காண்பித்தபோது கடை அப்போதைய எல்லைக்குக் கீழே தெளிவாக நின்றது. அரைமணி நேரத்தில் தீர்ந்த பயம் அது. அந்த அரைமணி நேரத்தைத் தமிழில் செலவிட ஆளில்லாத கடைகள் எத்தனையோ. ஆங்கிலப் படிவமும் ஆங்கிலக் குறுஞ்செய்தியும் பெறுபவருக்கு வரியைவிட அறியாமையே பெரிய பயம்.

பேருந்தும் பாணும்

இதே தடை காலி வீதியில் ஓடும் 100 ஆம் இலக்கப் பேருந்திலும் இருக்கிறது. தனியார் பேருந்தின் சாரதியும் நடத்துநரும் அன்றைய வசூலிலிருந்தே தங்கள் நாட்கூலியை எடுக்கிறார்கள். டீசலும் அதிலிருந்தே அடிக்கப்படுகிறது. 2025 நவம்பரில் மாகும்புரப் போக்குவரத்து மையத்தை மையமாக வைத்து, வங்கி அட்டையால் பேருந்துக் கட்டணம் செலுத்தும் திட்டம் சில வழித்தடங்களில் தொடங்கியது. மிச்சக்காசு தராத பிணக்கு அதனால் தீரும் என்பதில் ஐயமில்லை, பயணியாக நான் அதை வரவேற்கிறேன். ஆனால் தட்டிய காசு உரிமையாளரின் கணக்குக்குப் போகும் நாளில் நடத்துநரின் கூலி எந்தக் கையிலிருந்து வரும் என்பதைத் தீர்மானிக்காத பேருந்தில் இயந்திரம் பழுதாகியே இருக்கும். மேசைக்குக் கீழே போன அட்டை இயந்திரத்தைப் பார்த்தவன் என்பதால் இதை இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

கடந்த கணக்காண்டை முடிக்க நான் போனபோது, அண்ணையின் நாட்புத்தகத்தில் வரவுப் பக்கம் இரண்டு நிரல்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒன்றின் தலைப்பு லாச்சி, மற்றதன் தலைப்பு போன். செலவுப் பக்கத்திலும் அவ்வாறே. லாச்சிச் செலவில் முட்டை, மரக்கறி, பெடியனின் தேநீர், கோயில் அர்ச்சனை ஆகியவை எஞ்சியிருந்தன. பாண் மட்டும் அந்த நிரலில் வெட்டப்பட்டுப் போன் நிரலுக்கு மாற்றப்பட்டிருந்தது. மறுநாள் விடியற்காலை அதைப் பார்ப்பதற்காகவே வந்தேன். பாண்காரரின் முச்சக்கரவண்டிக் கண்ணாடியில், முன்பு எரிபொருள் குறியீடு தொங்கிய இடத்தில், அவர் மனைவியின் கணக்குக்குரிய குறியீடு உறைக்குள் இருந்தது. அண்ணை தன் தொலைபேசியை அதன் முன் பிடித்து, தொகையை அழுத்தி, பச்சைக் குறி வந்ததும் திரையைத் திருப்பிக் காட்டினார். பாண்காரர் அதைப் பார்த்துத் தலையசைத்தார், ஆனால் புறப்படவில்லை. மனைவிக்கு அழைப்பெடுத்து, தொலைபேசியைக் காதில் வைத்தபடி, பாண் தட்டின் மேல் கையூன்றி நின்றார்.

“வந்ததோ?” என்று அண்ணை கேட்டார்.

“கொஞ்சம் பொறுங்க ஐயா, அவ இன்னும் எழும்பயில்ல” என்றார் பாண்காரர்.